லிப்ரே ஆபிஸ் பேஸ் முகப்பு, மரியாடிபி பெட்டகம்: கடைக் கணக்குக்குத் தாங்குமா?

கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று. கல்லாவில் ஏற்றிய ஆர்டரைக் குடோனில் இருப்பவர் உடனே பார்த்துத் தரைக் கல்லை (டைல்ஸ்) எண்ணி வைக்க வேண்டும். காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான். எக்செல் கோப்பை ஷேர் போட்டு இரண்டு பேர் திறந்தால் ஒருவருக்கு 'ரீட் ஒன்லி' என்று வரும். ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் இந்த அளவு வேலைக்கு அதிகம். நடுவில் நிற்பது லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் வரும் டேட்டாபேஸ் மென்பொருளான பேஸ். காசு கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.

ஆனால் பேஸ் என்றதுமே "அது டேட்டாவைத் தின்னுடுமே" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை, பேஸின் தப்பான பாதியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புதிய டேட்டாபேஸ் என்று கேட்டால் பேஸ் தன் கோப்புக்குள்ளேயே எச்எஸ்க்யூஎல்டிபி 1.8 என்ற பழைய எஞ்சினை வைத்துக் கொடுக்கிறது. அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. வேலை நடக்கும்போது டேட்டா தற்காலிக இடத்தில் கிடக்கும், சேமிக்கும்போதோ மூடும்போதோதான் மூட்டைக்குள் போகும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் போச்சு. மூட்டையே கிழிந்தால் பழையதும் போச்சு. அந்தப் பாதியைத் தொடவே வேண்டாம். இங்கே பார்ப்பது இன்னொரு பாதியை: டேட்டா ஒரு சர்வரில், பேஸ் அதைப் பார்க்கும் சன்னல் மட்டும். நம்மூர் வீட்டுக் கணக்கில் சொன்னால், பேஸ் முகப்பு. பெட்டகம் உள்கட்டில் இருக்கும். ஆட்கள் வந்து போவது முகப்போடு நின்றுவிடும்.

சர்வருக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், மரியாடிபி என்ற இலவச டேட்டாபேஸ் சர்வரும் போட்டால், சில ஆயிரம் ஆர்டர் உள்ள கடைக்கு அது தாராளம். ஒரே நிபந்தனை, சிறிதாவது யுபிஎஸ் வேண்டும். டேபிள்களின் எஞ்சின் இன்னோடிபியாக இருந்தால் திடீரென அணைந்தாலும் தானே மீண்டு எழும். பழைய மைஐசாம் டேபிள் ஏதாவது மிச்சமிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

இணைக்கும் வேலை பேஸில் நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஃபைல், நியூ, டேட்டாபேஸ் போனால் விசார்டு திறக்கும். அதில் மூன்றாவதாக இருக்கும் 'கனெக்ட் டு ஆன் எக்சிஸ்டிங் டேட்டாபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் மைஎஸ்க்யூஎல்/மரியாடிபி கொடுங்கள். அடுத்த பக்கத்தில் மூன்று வழி காட்டும்: ஓடிபிசி, ஜேடிபிசி (இரண்டும் தனி டிரைவர் வைத்து இணைக்கும் பொது முறைகள்), நேரடி இணைப்பு. சர்வர் மரியாடிபி என்றால் யோசிக்காமல் நேரடி இணைப்பு. டேட்டாபேஸ் பெயர், சர்வரின் ஐபி, போர்ட் 3306 கொடுத்து, அடுத்த பக்கத்தில் யூசர் பெயர் எழுதி 'பாஸ்வேர்டு ரிக்வயர்டு' என்பதை டிக் செய்து, டெஸ்ட் கனெக்‌ஷன். ஜாவா, டிரைவர் எதுவும் தனியாக இறக்க வேண்டியதில்லை.

முதல் டெஸ்ட் பெரும்பாலும் தோற்கும். குற்றம் பேஸ் மீது இல்லை. டெபியன், உபுண்டுவில் மரியாடிபி போட்ட உடன் அது தன் மெஷினுக்குள் இருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். அதன் செட்டிங் கோப்பில் 'பைண்ட் அட்ரஸ்' 127.0.0.1 என்று இருக்கும். அதை 0.0.0.0 ஆக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்புறம் யூசர். சர்வருக்குள் மட்டும் நுழையும்படி உருவாக்கிய யூசர் வெளியிலிருந்து நுழைய முடியாது. கடையின் நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால், 192.168.1.% என்ற இடத்திலிருந்து வரும்படி யூசரை உருவாக்குங்கள். கல்லா யூசருக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட் போதும். டெலீட் உரிமையைக் கொடுக்காதீர்கள். கையை மீறி ஒரு வரி அழிந்துவிட்டது என்ற பேச்சே வராது. சர்வர் விண்டோஸில் இருந்தால் ஃபயர்வாலில் 3306-க்கு உள்வரும் ரூல் ஒன்று போட வேண்டும். அந்த போர்ட்டை ரவுட்டரில் இன்டர்நெட் பக்கம் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

சர்வர் மரியாடிபி இல்லாமல் மைஎஸ்க்யூஎல் 8 என்றால் கதை வேறு. அதன் புதிய பாஸ்வேர்டு முறை நேரடி இணைப்போடு பல இடங்களில் ஒத்துவராது, 'ஆதென்டிகேஷன் பிளகின்' ஏற்ற முடியவில்லை என்று நிற்கும். அப்போது ஜேடிபிசி வழிதான். ஜாவா வேண்டும், அதுவும் லிப்ரே ஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட். மைஎஸ்க்யூஎல்லின் கனெக்டர்/ஜே என்ற ஜார் கோப்பை (இதுதான் டிரைவர்) இறக்கி, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கிளாஸ் பாத் போய் 'ஆட் ஆர்க்கைவ்' கொடுத்துச் சேர்த்து, லிப்ரே ஆபிஸை முழுக்க மூடித் திறக்க வேண்டும். விண்டோஸில் மூலையில் உட்கார்ந்திருக்கும் குவிக்ஸ்டார்ட்டரையும் மூடாவிட்டால் ஜார் ஏறாது. இத்தனைக்குப் பிறகும் கிளாஸ் கிடைக்கவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். கனெக்டரின் 8-ஆம் பதிப்பிலிருந்து டிரைவர் கிளாஸ் பெயரின் நடுவில் 'சிஜே' என்ற துண்டு சேர்ந்திருக்கிறது, பழைய குறிப்புகளில் அது இருக்காது. அடுத்து 'பப்ளிக் கீ ரிட்ரீவல்' அனுமதி இல்லை என்று ஒரு பிழை வரும், இணைப்பு முகவரியின் கடைசியில் அதற்கான அனுமதியைச் சேர்த்தால் போகும். கனெக்டரின் 8-ஆம் பதிப்பு வரிசையில் பழையவற்றில் நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சர்வர் தன் நேரத்தை 'ஐஎஸ்டி' என்று சொல்லும். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே சுருக்கம் என்பதால் டிரைவர் குழம்பி நிற்கும். சர்வர் டைம்சோன் ஏசியா/கொல்கத்தா என்று முகவரியில் எழுதினால் தீர்ந்தது.

ஓடிபிசி வழியை விண்டோஸில் மற்ற மென்பொருளோடும் பகிர வேண்டியவர்கள் மட்டும் எடுக்கலாம். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஓடிபிசி மேலாளர் விண்டோஸில் இரண்டு இருக்கிறது, இரண்டின் கோப்புப் பெயரும் ஒன்று. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கு, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட்டுக்கு. தலைகீழாகப் பெயர் வைத்த மகராசன் யாரோ. தப்பானதில் பதிந்தால் 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று வரும்.

இன்னொரு இலவச டேட்டாபேஸ் சர்வரான போஸ்ட்கிரெஸ் பிடித்தவர்களுக்கும் பேஸில் நேரடி இணைப்பு உண்டு. போர்ட் 5432. அங்கேயும் அதே கதை: கேட்கும் முகவரியை ஒரு கோப்பில் திறந்து ரீஸ்டார்ட், யார் வரலாம் என்பதை இன்னொரு கோப்பில் எழுதி ரீலோடு.

இனி, இணைந்த பிறகு வருபவை. முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: "டேபிள் திறக்குது, பார்க்க முடியுது, ஆனா புது வரி ஏற்ற முடியல." காரணம், டேபிளில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பீல்டு) இல்லை. வரிகளின் அடியில் நட்சத்திரக் குறியோடு இருக்க வேண்டிய காலி வரி இருக்காது, மேலே எடிட் பட்டன்கள் மங்கிக் கிடக்கும். பிரைமரி கீ இல்லாத டேபிளை பேஸ் படிக்க மட்டுமே திறக்கும். எந்த வரியை மாற்றுகிறோம் என்று சர்வரிடம் அடையாளம் சொல்ல அதற்கு வேறு வழியில்லை, எனவே இது நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் ஏன் மங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை, அது பெரிய குறை. குவெரியிலும் (டேபிள்களிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் கட்டளை) இதே விதி: இணைத்த டேபிள்களின் கீ பீல்டுகளைக் குவெரியில் சேர்க்காவிட்டால் விடை பூட்டிக் கிடக்கும். குவெரியில் 'ரன் எஸ்க்யூஎல் கமாண்ட் டைரக்ட்லி' என்ற பட்டனை அழுத்தினாலும் விடை படிக்க மட்டும்தான். பேஸுக்குப் புரியாத, சர்வருக்கு மட்டும் தெரிந்த ஃபங்ஷன்களைப் பயன்படுத்த அந்தப் பட்டன் தேவைப்படும், ஆகவே அதை ரிப்போர்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேடிபிசி, ஓடிபிசி வழியில் வந்தவர்களுக்குத் தானே ஏறும் எண் சில நேரம் தகராறு செய்யும். புது ஆர்டரைச் சேமித்ததும் எண் காலியாகவோ பூஜ்யமாகவோ தெரியும், அதனால் துணை ஃபார்மில் கல் விவரம் ஏற்ற முடியாது. எடிட், டேட்டாபேஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் 'ஜெனரேட்டட் வேல்யூஸ்' பக்கத்தில், கடைசியாகச் சேர்ந்த எண்ணைக் கேட்கும் குவெரியை எழுத வேண்டும். மரியாடிபிக்கு அது லாஸ்ட் இன்சர்ட் ஐடி.

எஞ்சின் மாறினால் கணக்கு மாறும் என்பதற்கு ஆத்தங்குடிக் கல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 8 அங்குலக் கல் ஒன்றின் பரப்பு 64 சதுர அங்குலம், ஒரு சதுர அடி 144. ஆக, சதுர அடிக்கு 2.25 கல். 1000 சதுர அடிக் கூடத்துக்கு 2250. குவெரியில் 144-ஐ 64-ஆல் வகுத்துப் பரப்பால் பெருக்குங்கள். மரியாடிபி 2.25 என்றே எடுத்து 2250 தரும். அதே குவெரியை போஸ்ட்கிரெஸில் ஓட்டினால் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்து 2 என்று வெட்டி, 2000 தரும். பேஸின் உள் எஞ்சினும் அப்படியே வெட்டும். 250 கல் குறைவு. 10 அங்குலக் கல் என்றால் 1.44 என்பது 1 ஆகி, 1440-க்குப் பதில் 1000. வண்ணம் கலந்து, ஒவ்வொன்றாகக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல். குறைந்ததை மறுநாள் அதே நிறத்தில் எடுத்துத் தருவது லேசில்லை. 144.0 என்று ஒரு புள்ளியும் பூஜ்யமும் எழுதினால் போஸ்ட்கிரெஸிலும் சரியாக வரும். உடைசலுக்குச் சேர்க்கும் கூடுதலைத் தனி பீல்டாக வையுங்கள், பெருக்கலுக்குள் ஒளிக்க வேண்டாம்.

தமிழில் ஏற்றுபவர்கள் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். லேட்டின்1 ஆக இருந்தால் தமிழ் ஏறாமல் பிழை காட்டும், அல்லது முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிடும், மாறியதைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டு, பீல்டின் நீளம். சர்வர் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை இல்லை. 'ஆத்தங்குடி' நமக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் கொக்கியும் தனித்தனி, அதனால் 10. ஊர்ப் பெயருக்கு 20 போதும் என்று நினைத்தால் 'டேட்டா டூ லாங்' என்று திருப்பி அனுப்பும். நாம் நினைப்பதில் இரண்டு மடங்கு வையுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பம். 'கொட்டான்' (ஓலைக் கூடை) என்று தேடினால் பட்டியலில் பாதிக் கொட்டான் மட்டும் வரும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் தெரியும். பழைய பாமினி, டாப் எழுத்துருவில் இருந்த பட்டியலை மாற்றிக்கொண்டு வந்தவர்களிடம் இது அதிகம். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதைச் சீராக்க 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மரியாடிபியில் ரீப்ளேஸ் கொண்டு மூன்று உயிர்மெய்க் குறிகளுக்கும் (ஒகரம், ஓகாரம், ஔகாரம்) ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். வரிசைப்படுத்தும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் '_bin' என்று முடியும் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) வைத்தால் குறியீட்டு எண் வரிசையில்தான் அடுக்கும், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் ஜகரம் வந்து உட்காரும், நகரத்தை ஒட்டியே னகரம் நிற்கும்.

ரிப்போர்ட்டைத் தமிழில் அச்சடிக்க, லிப்ரே ஆபிஸின் மொழி செட்டிங்கில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் செய்து தமிழ் எழுத்துருவைத் தனியாகக் குறிக்க வேண்டும். ரிப்போர்ட் பில்டர் ஜாவா இல்லாமல் ஓடாது, நேரடி இணைப்பில் வந்தவர்களும் அதற்காக ஜாவா போட்டே ஆக வேண்டும். பேஸின் பலவீனமான அறை இது. கட்டம் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை வரும் பில் அடிக்க முயன்றால் பொறுமை போய்விடும்.

அதற்கு எதிர்ப்பக்கம், யாரும் பெரிதாகப் பேசாத பலம் ஒன்று இருக்கிறது. இணைப்பைப் பதிவு செய்து வைத்தால் கால்கிலும் ரைட்டரிலும் (லிப்ரே ஆபிஸின் விரிதாள், எழுத்து மென்பொருள்கள்) கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 அழுத்தியதும் சர்வரின் டேபிள் மேலே வந்து நிற்கும். முகவரிகளை அப்படியே இழுத்து ரைட்டரில் விட்டால் உறை முகவரியும் லேபிளும் மெயில் மெர்ஜில் அடித்துவிடலாம். ஊர்வாரியாக, கோயில்வாரியாகப் புள்ளி (குடும்ப) பட்டியல் வைத்து அழைப்பு அனுப்புபவர்களுக்கு இது ஒன்றுக்காகவே பேஸை வைத்துக்கொள்ளலாம். எக்செல்லில் இருக்கும் பழைய பட்டியலை ஏற்றவும் இதே எளிமை. கால்கில் நகலெடுத்து, பேஸின் டேபிள் பகுதியில் ஒட்டினால் விசார்டு திறக்கும், அங்கேயே பிரைமரி கீ உருவாக்கச் சொல்லலாம். பீல்டு வகைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். செல்போன் எண்ணை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். விலைக்கு டெசிமல், ஃப்ளோட் வேண்டாம்.

தினசரி ஓட்டத்தில் வரும் தொல்லைகள் மூன்று. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் சர்வருக்குப் புது ஐபி கொடுத்துவிடும், காலையில் எந்த ஃபார்மும் திறக்காது. ரவுட்டரில் அந்த மெஷினுக்கு ஐபியை ஒதுக்கி வைத்தால் முடிந்தது. அதுவரை எடிட், டேட்டாபேஸ், ப்ராப்பர்ட்டீஸில் புது ஐபியை மாற்றி ஓட்டலாம். அடுத்தது, ஃபார்மைத் திறந்தபடி கடையைப் பூட்டிப் போனால் மறுநாள் 'சர்வர் ஹேஸ் கான் அவே' என்று வரும். மரியாடிபி 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம் சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே வெட்டிவிடும். பேஸை மூடித் திறந்தால் சரி. மூன்றாவது வைஃபை. பழைய வீட்டில் கடையோ குடோனோ வைத்திருப்பவர்கள், அந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் தடிப்பில் சிக்னல் இரண்டாம் கட்டைத் தாண்டாது என்பதை ஏற்றுக்கொண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். நடுவில் அறுந்த இணைப்பை பேஸ் தானாகப் பிடித்துக்கொள்ளாது, ஏற்றிக்கொண்டிருந்த வரி போய்விடும்.

கல்லாவில் ஏற்றிய ஆர்டர் குடோனில் தானாகத் தெரியாது என்பதையும் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். திறந்தபோது இருந்ததைத்தான் ஃபார்ம் காட்டிக்கொண்டிருக்கும், ரிஃப்ரெஷ் அழுத்தினால்தான் புதியது வரும். பேஸ் கோப்பை ஷேர் ஃபோல்டரில் வைத்து இருவரும் திறக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நகல் அவரவர் மெஷினில் இருக்கட்டும், டேட்டா எப்படியும் சர்வரில்தான்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸோடு ஒப்பிட்டால்? ரிப்போர்ட்டும் ஃபார்ம் வடிவமைப்பும் ஆக்சஸில் மேல். வெளி டேபிளை இணைக்கும்போது கீ இல்லையென்றால் எந்த பீல்டு கீ என்று அதுவே கேட்கும், அந்த மரியாதை பேஸில் இல்லை. ஆனால் விண்டோஸில் மட்டும்தான், காசும் உண்டு, உள் கோப்புக்கு 2 ஜிபி எல்லையும் உண்டு. அதற்கும் தனி நோய்கள் இருக்கின்றன: கீயின் வகை பொருந்தாவிட்டால் வரி முழுக்க 'டெலீட்டட்' என்று காட்டிப் பயமுறுத்தும், சர்வரில் டேட்டா பத்திரமாகவே இருக்கும். இரண்டு மூன்று மெஷின், ஆர்டர், இருப்பு, முகவரி என்ற அளவுக்கு பேஸ் போதும் என்பதே எங்கள் கணிப்பு. ஜிஎஸ்டி பில்லும் அதிலேயே அடிக்க வேண்டும் என்பவர்கள் வேறு பக்கம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வாரக் கடைசியில் பேஸ் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து பேக்கப் எடுத்துவிட்டதாக நினைப்பது. அந்தக் கோப்பில் ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட், சர்வரின் முகவரி மட்டுமே இருக்கும். ஒரு ஆர்டர்கூட இருக்காது. பேக்கப் சர்வரில் எடுக்க வேண்டும்: மரியாடிபி டம்ப் கட்டளையை 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' சேர்த்து, கடை பூட்டியபின் தினமும் தானாக ஓடும்படி கிரானில் (லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டும் வசதி) போடுங்கள். வந்த கோப்பை மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ஏற்றி, பேஸின் ப்ராப்பர்ட்டீஸில் அந்த மெஷினின் ஐபியைக் கொடுத்து, கடைசி ஆர்டர் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள்.